மயில் நீலப் பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

கேள்வி: பாபநாசம் அருகே ஒரு சிற்றூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை நான். குடமுருட்டி ஆற்றங்கரைச் சாலையில் தினமும் பதினொரு கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். ஒன்பது வயது மகளும் பின்னால் உட்கார்ந்து வருவாள். அப்பாவிடம் பஜாஜ் சேத்தக் இருந்தது. கியர் வண்டி ஓட்ட அதில்தான் பழகினேன். அதே போன்ற பழைய பாணி ஸ்கூட்டர் ஒன்று வாங்க விரும்பி மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு வியாபாரியிடம் 1997ஆம் ஆண்டுச் சேத்தக் இருக்கிறது. மயில் நீலத்தில் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், விலை 55,000 ரூபாய். ஆர்சி என்னும் பதிவுச் சான்று மதுரைக்காரர் ஒருவர் பெயரில் இருக்கிறது. 2017 வரைதான் செல்லுபடி. பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் வியாபாரி. வலங்கைமானில் 1993ஆம் ஆண்டு எல்எம்எல் வெஸ்பா, பெயின்ட் வெளிறிப் போயிருக்கிறது. உரிமையாளர் 2019இல் காலமானதிலிருந்து திண்ணையோரம் ஓடாமல் நிற்கிறது, மகன் 12,000 ரூபாய் கேட்கிறார். மூன்றாவது, தஞ்சாவூரில் ஒரே கையில் இருந்த 2015ஆம் ஆண்டு வெஸ்பா. கியர் இல்லாதது, 38,000 ரூபாய். எதை வாங்கலாம்? பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளை அரசு உடைக்கச் சொல்லிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். கும்பகோணத்து வண்டியை இப்போது இருக்கிற நிலையில் வாங்காதீர்கள். தினசரிப் பள்ளிப் பயணத்துக்குத் தஞ்சாவூர் வெஸ்பாதான் பொருந்தும். அப்பாவின் நினைவாக ஒரு கியர் ஸ்கூட்டர் வீட்டில் நிற்க வேண்டும் என்றால் வலங்கைமான் வண்டியை எடுக்கலாம். ஆனால் காகிதங்கள் நேரான பிறகுதான் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாக இந்த வண்டிகளைப் பிரித்துக் கோத்து வருகிறவன் என்ற முறையில் இதற்கான காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் 1946இல் கொண்டுவந்த வெஸ்பாவின் அமைப்புதான் சேத்தக்குக்கும் எல்எம்எல்லுக்கும் மூலம். பியாஜியோவுடன் இருந்த ஒப்பந்தம் 1971இல் முடிந்ததும், 1972இல் பஜாஜ் தன் சொந்தப் பெயரில் சேத்தக்கைக் கொண்டுவந்தது. எல்எம்எல் பின்னாளில் கான்பூரிலிருந்து வெஸ்பாவைத் தயாரித்தது. இந்த வண்டிகளுக்கு மோட்டார் சைக்கிளைப் போலத் தனியாகக் குழாய்ச் சட்டம் கிடையாது. அழுத்தி வடித்த இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து, அந்த உடலையே சட்டமாக ஆக்கியிருக்கிறார்கள். லம்பிரெட்டா என்ற இன்னொரு இத்தாலிய ஸ்கூட்டரின் வழியில் லக்னோவில் செய்யப்பட்ட விஜய் சூப்பரில் உள்ளே குழாய்ச் சட்டம் இருப்பதால், தகடு அரித்தாலும் தகட்டை மாற்றிவிட்டு ஓட்டலாம். சேத்தக்கிலும் எல்எம்எல்லிலும் தகடு அரித்தால் சட்டமே அரித்துப்போனதாகப் பொருள். எஞ்சினை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பித்துக்கொள்ளலாம். இற்றுப்போன உடலை அப்படிப் புதுப்பிக்க முடியாது. எனவே ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தகட்டை.

நம் காவிரிப் படுகையில் இந்தத் தகட்டுக்கு இரண்டு எதிரிகள். முதலாவது, கால் வைக்கும் பலகையில் ஏற்றிய உர மூட்டை. ஒரு காலத்தில் ஸ்கூட்டர் வைத்திருந்த குடியானவர் எல்லோரும் யூரியாவையும் பொட்டாஷையும் அங்கேதான் வைத்துக் கொண்டுவந்தார்கள். பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. மூட்டையின் தையலிலிருந்து உதிரும் துகள் ரப்பர் விரிப்புக்கு அடியில் தங்கி, மார்கழிப் பனியின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, மேலே ஒன்றும் தெரியாமல் இரும்பைத் தின்னும். இரண்டாவது எதிரி வெள்ள நீர். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவித் துடைத்துவிடுவார்கள். ஆனால் கால் பலகையின் நடுவே மேடாக ஓடும் பாகத்தின் உட்கூட்டில் புகுந்த வண்டல் அங்கேயே இறுகிக் கிடக்கும், ஒவ்வொரு மழைக்கும் நனைந்து காயும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வண்டிகளை நான் இரண்டு மடங்கு நேரம் செலவிட்டுத்தான் பார்த்தேன்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் உங்களிடம் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர், புதிதாகக் கறுப்பு அடித்த சேத்தக் ஒன்றைக் கொண்டுவந்து, வாங்கலாமா என்று கேட்டார். அன்று கடையில் கூட்டம். எஞ்சினைக் கேட்டேன், கியரைப் போட்டுப் பார்த்தேன், நல்ல வண்டிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன், விரிப்பைத் தூக்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் அவர் வேகமாகப் பிரேக் மிதித்தபோது, மிதி பொருத்தியிருந்த தகடு பிய்ந்து, மிதியும் காலும் ஒன்றாகக் கீழே இறங்கிவிட்டன. வண்டி வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் சாய்ந்ததால் முழங்கால் காயத்தோடு தப்பினார். அந்தத் தகட்டை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே பெயின்ட், அதற்குக் கீழே சுண்டு விரல் கனத்துக்குப் பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பூச்சு, அதற்கும் கீழே அப்பளம் போல நொறுங்கும் துரு. நல்ல இரும்பு எங்குமே இல்லை. அவர் என்னைக் குறை சொல்லவில்லை; ஆனாலும் அன்றிலிருந்து விரிப்பைத் தூக்காமல் எந்த ஸ்கூட்டருக்கும் நான் நற்சொல் சொன்னதில்லை.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். விரிப்பையும் அதைப் பிடித்திருக்கும் பட்டைகளையும் கழற்றச் சொல்லி, கால் பலகை முழுவதும், குறிப்பாகப் பிரேக் மிதி நுழையும் இடத்தைச் சுற்றியும், சென்டர் ஸ்டாண்டு பொருத்திய இடத்திலும் காந்தத்தை வையுங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் அது இழுத்துப் பிடிக்கும். பட்டி அடைத்த இடத்தில் பிடி தளர்ந்து வழுக்கும். பிறகு வண்டியை ஒரு பழைய சாக்கின் மேல் பக்கவாட்டில் படுக்கவைத்து, டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். மேலே மயில் நீலமாக மின்னும் வண்டி அடியில் கருப்புத் தார்ப் பூச்சோடு இருந்தால், அந்தப் பூச்சை ஸ்குரூ டிரைவர் முனையால் லேசாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், இற்ற தகடு தொப்பென்று கேட்கும். உட்கூட்டின் வடிகால் துளையில் ஒரு கம்பியை விட்டு எடுங்கள். நுனியில் சாம்பல் நிற மண் ஒட்டி வந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. இதற்கெல்லாம் சம்மதிக்காத வியாபாரியிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. பெயின்ட் கீறிவிடும் என்று சொல்வார்கள். 55,000 ரூபாய் கொடுக்கிறவருக்கு அடிப்பாகத்தைப் பார்க்கும் உரிமை உண்டு. வலங்கைமான் வண்டியின் பெயின்ட் வெளிறிப் போயிருக்கிறது என்று குறையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. முப்பது ஆண்டுக்கு முன் கம்பெனியில் அடித்த பெயின்ட் தெரிகிறது என்றால், அந்த வண்டியில் எதையும் மூடி மறைக்கவில்லை.

எஞ்சினைப் பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். போனவுடன் பக்க மூடியின் இடுக்கு வழியே எஞ்சின் தலைப்பில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ பாடுபட்டுக் கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின், சோக்கை இழுத்து உதைத்தால் மூன்று நான்கு உதையில் பிடிக்க வேண்டும். வண்டியை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துவிட்டு உதைக்கும் பழக்கம் உங்கள் அப்பாவுக்கும் இருந்திருக்கும். ஒவ்வொரு முறையும் அப்படிச் சாய்த்தால்தான் கிளம்புகிறது என்றால், பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஒழுங்காகப் போகவில்லை. அது சிறு வேலைதான். கவலைப்பட வேண்டியது புகையைப் பற்றி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடுவது. லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்பது கணக்கு. ஆகவே முதலில் கொஞ்சம் புகை வருவது இயல்பு. பத்து நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகும் வெண்புகை அடர்த்தியாகத் தொடர்ந்து வந்தால், கிளட்ச் பக்கத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் தேய்ந்து, கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சுகிறது. அந்தப் பெட்டியில் இருப்பதே ஏறக்குறைய 250 மில்லிதான் என்பதால், கவனிக்காமல் விட்டால் கியர் முழுவதும் வறண்டு கெடும். மறுபக்கத்துச் சீல் போயிருந்தால் புகை வராது. அதற்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் இரையும். புகையே இல்லை, சுத்தமான எஞ்சின் என்று அதைக் காட்டி விற்பவர்கள் உண்டு. அப்படி ஓட்டினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி ஒரு நாள் சாலை நடுவே பிஸ்டன் இறுகி நின்றுவிடும்.

கியரைச் சோதிப்பதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து கடல் வரை மண் தட்டையானது. தெருவில் நாலு சுற்றுச் சுற்றி வந்தால் எந்த எஞ்சினும் நன்றாகவே இழுக்கும். நமக்கு ஏற்றம் என்று இருப்பது ரயில்வே மேம்பாலம்தான். எனவே உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மேம்பாலத்தில் இரண்டாம் கியரில் ஏறி, பாதியில் வேகம் குறைத்து, மறுபடி ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருகிப் பாருங்கள். பாரம் ஏறும் அந்தக் கணத்தில் கியர் தானாக நழுவினால், கியர் சக்கரங்களைத் தண்டோடு பூட்டும் சிலுவை வடிவத் துண்டு தேய்ந்திருக்கிறது. மெக்கானிக்குகள் அதைக் கியர் கிராஸ் என்போம். அந்தத் துண்டின் விலை பெரிதில்லை, ஆனால் அதை மாற்ற எஞ்சினை முழுவதும் பிளக்க வேண்டும். கியர் நழுவாமல், எஞ்சின் மட்டும் அலறி வண்டி நகராமல் இருந்தால் அது கிளட்ச் தட்டு. பாலத்தின் மறுபக்கம் இறங்கும்போது முன்பிரேக்கைத் தனியாகவும் பின்பிரேக்கைத் தனியாகவும் பிடித்துப் பாருங்கள். பின்பிரேக் வழுக்கினால், சக்கரத்து ஆயில் சீல் வழியாகக் கியர் ஆயில் டிரம்முக்குள் இறங்குகிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இனி காகிதங்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்டி, படிவம் 25 கொடுத்து, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கும்பகோணத்து வண்டிக்கு 2017இல் முடிந்த பதிவு இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. அதாவது இன்றைய நிலையில் அது சாலையில் ஓடத் தகுதியற்ற வண்டி. பிடித்தால் முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதைவிடப் பெரிய கவலை, அந்த மதுரைக்காரர் யார், இருக்கிறாரா, வண்டியை விற்றதாக ஒப்புக்கொள்வாரா என்பது. படிவம் 29இல் விற்றவரும் படிவம் 30இல் இருவரும் கையெழுத்திட வேண்டும்; வியாபாரி முன்பே வாங்கி வைத்திருக்கும் வெற்றுப் படிவக் கையெழுத்தை நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு மதுரைக்கு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் மாறாத வரை சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் பதிவேட்டில் உள்ளவரே என்று உச்ச நீதிமன்றமும் 2018 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே பெயர் மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம் என்ற பேச்சுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வியாபாரியே பதிவைப் புதுப்பித்து, உங்கள் பெயருக்கு மாற்றித் தந்தால், அன்று காந்தத்தோடு போய்ப் பேசலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படிப் பளபளப்பாக்கி விற்கும் வண்டிகளில் ஒரு வண்டியின் உடலும் வேறொரு வண்டியின் எஞ்சினும் சேர்ந்திருப்பது சாதாரணம். வண்டியின் உடலில் பொறித்த சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்சியில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் பதியும். அச்சு சீராக இல்லாமல் ஓர் எண் மட்டும் ஆழமாகவோ கோணலாகவோ விழுந்தால் அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

வலங்கைமான் வண்டியில் பிரச்சினை வேறு. உரிமையாளர் காலமாகிவிட்டதால், மகன் முதலில் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு, படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே உங்களுக்கு விற்க முடியும். இவ்வளவு பழைய பதிவு கணினியில் ஏறாமலும் இருக்கலாம். வண்டிப் பதிவுகளுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்து, வரவில்லை என்றால் அதையும் அலுவலகத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு கடந்த இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. பசுமை வரியும் தாமதக் கட்டணமும் இதற்கு மேல் சேரும் என்பதால், மொத்தக் கணக்கை அலுவலகத்தில் கேட்டு, விலை பேசும்போது 12,000த்தில் கழித்துப் பேசுங்கள். மகனிடம் முன்பணமாக ஒரு சிறு தொகை கொடுத்து, கைப்பட எழுதி வாங்கிக்கொண்டால் போதும். வண்டியை அலுவலகத்துக்கு லோடு ஆட்டோவில்தான் கொண்டுபோக வேண்டும், ஓட்டிப் போகக் கூடாது.

அரசு உடைக்கச் சொல்லிவிடும் என்ற பயம் வேண்டாம். வயதை மட்டும் வைத்து வண்டியை நிறுத்துவது தில்லி வட்டாரத்துக்கு உரிய விதி. தமிழ்நாட்டில் சோதனையில் தேறிப் பதிவைப் புதுப்பித்துவிட்டால் தனியார் ஸ்கூட்டரை ஓட்டலாம். பதினைந்து ஆண்டில் கட்டாயம் கழிக்க வேண்டும் என்பது அரசுத் துறை வண்டிகளுக்குத்தான். விண்டேஜ் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்தச் சொல்லுக்கும் 2021இல் வந்த விதியில் பொருள் இருக்கிறது. ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிக்கே அந்தத் தனிப் பதிவு கிடைக்கும். அதை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் முடியாது. நீங்கள் பார்த்த எதுவும் அதில் சேராது.

தஞ்சாவூர் வெஸ்பாவின் பதிவு 2030 வரை இருக்கிறது. ஆர்சியும் விற்பவரின் பெயரிலேயே இருக்கிறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், கியர் மாற்றும் வேலை இல்லை, மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் போக நிதானமான வண்டி. இதன் உடலும் இரும்புத் தகடுதான், ஆகவே காந்தச் சோதனையை இதற்கும் செய்யுங்கள். கியருக்குப் பதிலாகச் சக்கரத்தை இயக்கும் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பெல்ட் பெட்டியில் வெள்ள நீர் புகுந்திருந்தால் கிளம்பும்போது வண்டி அதிரும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒரு சிறு வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. பட்டன் தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும் ஆறேழு ஆண்டுப் பழையதென்றால் மாற்றிவிடுங்கள். உதிரி பாகங்களின் விலை மற்ற ஸ்கூட்டர்களைவிடக் கூடுதல் என்பதையும், அப்பாவின் வண்டியில் இருந்த ஸ்டெப்னி இதில் கிடையாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, 38,000த்தில் இரண்டு மூவாயிரம் குறைத்துக் கேளுங்கள்.

எல்எம்எல் நிறுவனம் மூடப்பட்டுவிட்டாலும் அதன் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. வெஸ்பாவின் அதே அமைப்பு என்பதால் பலர் செய்கிறார்கள். இங்கே கிடைக்காதது சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்துவிடும். இப்போது வரும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக, பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களையும் ஆரம்பத்திலேயே புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பி இளகிவிடும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சுவதால், வாரம் ஒரு முறை மட்டும் எடுக்கும் வண்டியின் டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்கவும் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வலங்கைமான் வண்டியைப் பார்க்கப் போனால், ஓடுகிறதா பார்ப்போம் என்று அந்த வீட்டில் யாராவது கிக்கரை மிதிக்க வருவார்கள். இத்தனை ஆண்டு நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருக்கக்கூடும்; ஓங்கி உதைத்தால் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். முதலில் பழைய பெட்ரோலை இறக்குங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே இரண்டு தேக்கரண்டி டூ டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) ஊற்றி, ஒரு முழு இரவு விடுங்கள். மறுநாள் நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பிளக் துளையில் காற்று புஸ்ஸென்று வந்தால் பிஸ்டன் நகர்கிறது. அதுவரை கிக்கரில் யாரும் கால் வைக்க வேண்டாம் என்று அந்த மகனிடம் இன்றே சொல்லி வையுங்கள்.